டர்போ வண்டி: ஆயுள் ஆயிலில் இருக்கிறது

மே மாதத்து மத்தியானம். ஆம்பூரில் பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்துப் பிரியாணிக் கடை ஒன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வேலூர்ப் பக்கமிருந்து ஒரு கார் வந்தது. பைபாஸில் நூறில் வந்த வண்டி, சர்வீஸ் ரோட்டில் இறங்கி, கடை வாசலில் நின்றது. நின்ற அடுத்த கணமே இன்ஜின் ஆஃப். கதவு திறந்தது, குழந்தைகள் இறங்கின. வண்டி நின்றதற்கும் ஆஃப் ஆனதற்கும் நடுவில் ஐந்து விநாடிகூட இருக்காது. பின்னாலேயே வந்த இன்னொரு வண்டியும் அதேபோலத்தான். அதன் டிக்கியில் 'டர்போ' என்று பளபளவென்று எழுத்து.

பசியோடு வருகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கவும் மாட்டார்கள். ஷோரூமில் சாவி கொடுக்கும்போது ப்ளூடூத்தை இணைப்பது எப்படி என்று அரை மணி நேரம் காட்டுகிறார்கள். டர்போவை எப்படி நிறுத்த வேண்டும் என்று அரை நிமிடம் சொல்வதில்லை. இதே விஷயம் தெரியாமல் நானும் ஒரு டர்போவை இழந்தவன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

டர்போ என்பது ஒரே தண்டின் இரண்டு முனைகளில் மாட்டிய இரண்டு விசிறிகள், அவ்வளவுதான். இன்ஜினிலிருந்து வெளியே போகும் புகை ஒரு பக்க விசிறியைச் சுழற்றுகிறது. அதோடு சேர்ந்து சுழலும் மறுபக்க விசிறி, வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் திணிக்கிறது. உள்ளே காற்று அதிகம் போனால் அதற்கேற்ப எரிபொருளையும் அதிகம் எரிக்கலாம். வீணாகப் போகும் புகையிலிருந்தே வேலை வாங்கும் இந்த யோசனைக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். டர்போ இல்லாத ஒரு லிட்டர் இன்ஜின் எழுபது குதிரைத்திறனை எட்டவே திணறும். அதே அளவு இன்ஜின் டர்போவோடு நூறு, நூற்றிருபது தருகிறது. இன்று சந்தையில் விற்கும் சின்ன டர்போ பெட்ரோல் கார்களின் கதை இதுதான்.

அந்தத் தண்டு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது தெரியுமா? சின்ன கார்களின் டர்போ, முழு வேலையில் இருக்கும்போது நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகள் வரை போகும். நம் வீட்டு மிக்ஸி சட்னி அரைக்கும்போது ஏறக்குறைய 20,000 சுற்று. அதைப்போல் பத்து மடங்கு. இது ஒரு பக்கம். சூடு இன்னொரு பக்கம். பெட்ரோல் இன்ஜினில் டர்போவுக்குள் நுழையும் புகை, வண்டி நன்றாக இழுக்கும் நேரத்தில் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதனால் புகைப்பக்க விசிறியை நிக்கல் கலந்த உலோகத்தில் வார்க்கிறார்கள். காற்றுப்பக்க விசிறி மட்டும் அலுமினியம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் சில விரற்கடைதான். ஒரு முனையில் கொல்லன் உலை, மறுமுனையில் வெளியிலிருந்து இழுக்கும் காற்று.

இவ்வளவு வேகத்தையும் சூட்டையும் தாங்குகிற தண்டு எதன்மேல் நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது குண்டுகள் உருளும் பால் பேரிங்கில் நிற்பதில்லை. புஷ் என்கிற வெண்கல வளையத்துக்குள், தலைமுடியின் கனம்கூட இல்லாத எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. உலோகத்தை உலோகம் தொடுவதே இல்லை. தொட்டால் முடிந்தது. அந்த எண்ணெய் இன்ஜினின் அடியில் இருக்கும் அதே இன்ஜின் ஆயில்தான். ஒரு சின்ன குழாய் வழியாக மேலே வந்து, தண்டை மிதக்கவிட்டு, அதன் சூட்டையும் வாங்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. டர்போவுக்குச் சோறும் தண்ணீரும் அந்த ஒரு குழாய்தான்.

இப்போது ஆம்பூருக்கு வருவோம். நூறில் வந்த வண்டியை டக்கென்று ஆஃப் செய்தால் ஆயில் பம்ப் நின்றுவிடும். குழாயில் ஓட்டம் இல்லை. ஆனால் புகைப்பக்கத்து இரும்புக் கூடு இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது. அந்தச் சூடு மெல்ல நடுப்பகுதிக்குள் இறங்குகிறது. அங்கே தேங்கி நிற்கும் சொட்டு எண்ணெய் வேகிறது, கருகுகிறது. வடை சுட்டு முடித்த பிறகு, கொஞ்சம் எண்ணெயோடு சட்டியை அடுப்பிலேயே மறந்துவிட்டால் அடியில் ஒரு கறுப்புப் படலம் ஒட்டுமே, தேய்த்தாலும் போகாதே, அதே மாதிரி. ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. நூறு நாளில் அந்தப் படலம் கரியாகி, உரிந்து, புஷ்ஷுக்குள் மணல் மாதிரி சுற்றும். குழாயின் வாயையும் அடைக்கும்.

லாரி ஓட்டுநர்கள் இதை நமக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருக்கிறார்கள். வாலாஜா பக்கம் டீக்கடையில் நிற்கும் லாரிகளைக் கவனித்துப் பாருங்கள். பழைய கை ஓட்டுநர் வண்டியை நிறுத்தியதும் ஆஃப் செய்ய மாட்டார். இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். அவர் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப ஏறி சாவியைத் திருப்புவார். அந்த ஒரு சுற்று நடைதான் டர்போ ஆறும் நேரம்.

சரி, காருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? இதில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். சிலர் எங்கே நிறுத்தினாலும் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் வைக்கிறார்கள், அது தேவையில்லை. காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து வேலூருக்குள் வந்து கிரீன் சர்க்கிள் நெரிசலைக் கடந்து வீட்டுக்கு வந்தால், கடைசிப் பத்து நிமிடமும் டர்போ சும்மாதான் இருந்திருக்கும். தெருவுக்குள் நுழைந்து நிறுத்தி நேராக ஆஃப் செய்யலாம். பைபாஸில் நீண்ட நேரம் வேகமாக வந்து சட்டென்று நிறுத்தினாலோ, மலையேறி உச்சியில் நிறுத்தினாலோ, ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம் போதும். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நிறுத்தப் போகும் இடத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே ஆக்சிலேட்டரைத் தளர்த்தி, எண்பது, அறுபது என்று இறங்கி வாருங்கள். ஓடும் காற்றும் ஓடும் ஆயிலும் சேர்ந்து ஆற்றிவிடும். டோல்கேட்டுக்கு முன்னால் நாம் எப்படியும் செய்வதுதானே அது.

புதிய பெட்ரோல் கார்களில் டர்போவின் நடுக்கூட்டைச் சுற்றித் தண்ணீர்ச் சட்டையும் இருக்கிறது. சில வண்டிகளில் இன்ஜின் நின்ற பிறகும் சின்ன மின்பம்ப் ஒன்று, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஃபேன் தானாகச் சுற்றுவதைச் சிலர் கேட்டிருக்கலாம். இதனால் பழைய ஆபத்து நிறையக் குறைந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் சின்ன டீசல் கார்கள் பலவற்றில், அதுவும் செகண்ட்ஸில் கைமாறிக்கொண்டே இருக்கும் பழைய வண்டிகளில், ஆயில் ஒன்றுதான் துணை. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாவிட்டால் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்துவிடுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு டீசல் கார், 2013 மாடல். மைலேஜ் நல்லபடியாகக் கொடுத்தது, புல்லிங் நன்றாக இருந்தது, அதனால் அதன்மேல் ஒரு நம்பிக்கை. 10,000 கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டிய ஆயிலை 14,000, 15,000 வரை இழுப்பேன். நடுவில் ஒரு தடவை அக்கா கல்யாண அலைச்சலில் 18,000 வரை போனது. ஆயில் கறுத்திருந்தாலும் டீசல் வண்டியில் அது சகஜம்தானே என்று இருந்துவிட்டேன். 92,000 கிலோமீட்டரில், குடும்பத்தோடு ஏலகிரி ஏறிக்கொண்டிருந்தோம். ஏழாவது எட்டாவது வளைவில் பானட்டிலிருந்து ஒரு சத்தம். முதலில் மெல்லிய விசில். அப்புறம் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி ஏறி இறங்கியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலமாய்ப் புகை. வண்டி இழுக்கவில்லை. ஓரம் கட்டினோம்.

ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டர்போவை மாற்றினார்கள். கூலியோடு 45,000 ரூபாய். சரியாக 3,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும், அதே விசில். அதே நீலப்புகை. புது டர்போவும் போய்விட்டது.

அப்போதுதான் சத்துவாச்சாரியில் டீசல் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டர்போவை முதலில் தொடவே இல்லை. இன்ஜினிலிருந்து டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயைக் கழற்றினார். பென்சில் கனம்கூட இல்லாத வளைந்த இரும்புக் குழாய். அதன் முனையில் நடுவில் துளையிட்ட போல்ட். ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டுக் குடைந்து, கீழே விரித்த செய்தித்தாளில் தட்டினார். கறுப்புச் செதில்கள் உதிர்ந்தன, அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டினால் வருகிற மாதிரி. போல்ட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். துளையில் பாதி அடைந்திருந்தது, ஊசி முனை அளவுக்குத்தான் வெளிச்சம் தெரிந்தது.

"புது டர்போ போட்டாங்க, சரி. அதுக்குக் கஞ்சி ஊத்துற குழாய யாரும் பாக்கலயே தம்பி" என்றார்.

பிறகு அந்த டர்போவின் காற்றுப்பக்கத்தைத் திறந்து, நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டச் சொன்னார். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. எண்ணெய்ப் படலத்துக்கான இடம் அது. ஆனால் முன்னும் பின்னும் இழுத்தால் ஆடக் கூடாது. என்னுடையது இரண்டு பக்கமும் ஆடியது. விசிறி இதழ்களின் ஓரம் கூட்டில் உரசி, கத்தியால் சீவியதுபோல் தேய்ந்திருந்தது. விரலால் தொட்டால் சுணை தட்டியது.

டர்போ தானாகச் சாவது அரிது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். பட்டினியால் சாகும், அழுக்கு ஆயிலால் சாகும், மண் விழுங்கிச் சாகும். மூன்றும் வெளியிலிருந்து வருவதுதான். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது டர்போ மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். மாற்ற வேண்டிய நிலை வந்தால் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் புதிது, ஆயில் வரும் குழாய் புதிது அல்லது சுத்தமாக உள்ளே பார்த்தது, ஆயில் இறங்கும் குழாயில் அடைப்பில்லை, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் பழைய ஆயிலும் உலோகத் துண்டும் தேங்கவில்லை என்று நான்கையும் கேட்டு வாங்குங்கள். பாய் புது டர்போவை மாட்டும்போது அதன் வாயில் கையாலேயே கொஞ்சம் ஆயில் ஊற்றி, தண்டைச் சுழற்றி, அப்புறம்தான் குழாயை மாட்டினார். இன்ஜின் பற்றிக்கொள்ளாதபடி சில தடவை செல்ஃப் மட்டும் அடித்து ஆயில் மேலே ஏறியதைப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்தார். முதல் விநாடிகூட அது வறண்டு சுழலக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

ஆகவே டர்போ வண்டிக்கு ஆயில் என்பது பெட்ரோல், டீசல் மாதிரி தீர்ந்தால் போடும் சரக்கு அல்ல. அது ஓர் உதிரிபாகம், அதுவும் தேய்ந்துகொண்டே இருக்கும் உதிரிபாகம். எந்தக் கம்பெனி ஆயில் என்பது இரண்டாவது கேள்வி. வண்டியோடு வந்த கையேட்டில் எந்தத் தரக் குறியீடு போட்டிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. 5டபிள்யூ-30 என்று டப்பாவில் இருந்தால் மட்டும் போதாது; அது ஆயிலின் பதத்தைத்தான் சொல்கிறது. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் உள்ள பிஎஸ்6 (புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். சாதாரண டீசல் ஆயிலை ஊற்றினால் அந்த ஃபில்டர் மெல்ல அடைந்துகொண்டே போகும். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களுக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ எஸ்பி போன்ற புதிய தரம் கேட்கிறார்கள். 2020-ல் வந்த தரம் அது. காரணம் இருக்கிறது. குறைந்த சுற்றில் அதிக பாரம் இழுக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு அடிப்பது உண்டு. ஆயிலில் சேர்க்கும் சில கால்சியம் சேர்மங்கள் அதைத் தூண்டுகின்றன என்று கண்டுபிடித்த பிறகு, ஆயிலின் சேர்மானத்தையே மாற்றினார்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது? கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று இருக்கும். எது முன்னால் வருகிறதோ அது. பெரும்பாலானவர்கள் இந்த வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் இரண்டு பக்கம் புரட்டினால், கடினமான சூழலில் ஓடும் வண்டிக்கு இதைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். கடினமான சூழல் என்றால் என்ன? தூசி, கடும் வெயில், நெரிசலில் ஊர்வது, சின்னச் சின்னப் பயணம், மலையேற்றம். இதைப் படித்தபோது வேலூரைப் பார்த்துதான் எழுதினார்களோ என்று தோன்றியது. கத்திரி வெயிலில் நாற்பது டிகிரிக்கு மேல் காயும் ஊர், சுற்றிலும் கல்குவாரி, ஆற்று மணல், முழுக்க முடியாத சாலை வேலைகள். என் கணக்கு இப்போது 7,500 கிலோமீட்டர் அல்லது ஒன்பது மாதம். ஒரு ஆயில் சர்வீஸுக்கு ஆகும் செலவை 45,000 ரூபாயோடு வைத்துப் பார்த்த பிறகு இந்தக் கணக்கில் எனக்கு வருத்தமில்லை.

டிப்ஸ்டிக்கை மாதம் ஒரு முறையாவது இழுத்துப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் நின்று ஐந்து பத்து நிமிடம் கழித்து. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் டர்போவுக்குப் பட்டினி. மேல் கோட்டைத் தாண்டியும் ஊற்றாதீர்கள். டர்போவிலிருந்து ஆயில் தானாக வழிந்து கீழே இறங்க வேண்டும், அது தடைப்பட்டால் சீல் வழியாகக் கசிந்து புகையாக வரும். ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது. அநேகமாக எரிபொருள் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். முகர்ந்து பார்த்தால் வாசனை காட்டிக்கொடுக்கும்.

இது சின்னப் பயணங்களால் வருகிற வினை. பாகாயத்தில் வீடு, சிஎம்சி மருத்துவமனையில் வேலை என்றால் ஆறேழு கிலோமீட்டர்தான். கூலண்ட் முள் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் ஆயில் சூடாக அதைவிட அதிக நேரம் பிடிக்கும். முள்ளைப் பார்த்து இன்ஜின் தயார் என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறும விடாதீர்கள். அரை நிமிடம் ஓடட்டும், பிறகு கிளம்பலாம். நின்ற இடத்தில் பத்து நிமிடம் சூடேற்றுவது டீசலுக்குக் கேடு, ஆயிலில் கரி சேரும். முதல் ஏழெட்டுக் கிலோமீட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் போகாமல் மெதுவாக ஓட்டினால் போதும்.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்களுக்கு இன்னொரு தேவை உண்டு. புகைக்குழாயில் இருக்கும் ஃபில்டர் கரியைச் சேர்த்து வைத்து, அவ்வப்போது தானே சூடேற்றி எரித்துவிடும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. பாதியில் ஆஃப் செய்துகொண்டே இருந்தால், எரிக்கப் பீய்ச்சிய டீசல் ஆயிலில் இறங்கும். வாரம் ஒரு தடவை பைபாஸில் ஏறி, பள்ளிகொண்டா வரை ஒரே சீராக, 2,000 சுற்றுக்கு மேல் வைத்து ஓட்டிவிட்டு வந்தால் வண்டி மூச்சு விட்டுக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பெருமாளைப் பார்த்துவிட்டு வந்த மாதிரியும் இருக்கும்.

மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு மலை பக்கத்து வீடு மாதிரி. ஏலகிரி, ஜவ்வாது, அந்தப் பக்கம் திருமலை. ஏலகிரியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். டர்போ வண்டியில் ஏறுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, கியரைக் குறைக்காமல் மூன்றாவதிலோ நான்காவதிலோ மிதித்துக்கொண்டே போவது. டர்போ இழுத்துவிடும் என்ற நம்பிக்கை. இன்ஜின் 1,300, 1,400-ல் முனகும். ஆக்சிலேட்டர் தரையைத் தொட்டிருக்கும். மேலே சொன்ன முன்கூட்டியே பற்றும் கோளாறு வருவது இந்த மாதிரி நேரத்தில்தான். இரண்டாவதுக்கு மாற்றி 2,000, 2,500-ல் ஏறுங்கள். சத்தம் கொஞ்சம் கூடும், இன்ஜின் லேசாக இருக்கும். ஏசியைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் இன்னும் நல்லது. மேலே போனதும் ஏரிக்கரையில் நிறுத்தி உடனே ஆஃப் செய்யாதீர்கள். இறங்கும்போது கவலையே இல்லை. ஆக்சிலேட்டரை விட்டு கியரில் இறங்கும் வண்டியில் டர்போவுக்கு வேலை இல்லை, குளிர்ந்துகொண்டே வரும்.

காற்று. டர்போ இழுக்கிற காற்றில் ஒரு மணல் பருக்கை தப்பி உள்ளே போனாலும், இரண்டு லட்சம் சுற்றில் சுழலும் அலுமினிய இதழுக்கு அது துப்பாக்கிக் குண்டு. கையேட்டில் சொன்ன தூரத்துக்குப் பாதியிலேயே ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். டயர் கடை காற்றுக் குழாயைக் கொண்டுவந்து வெளிப்பக்கத்திலிருந்து ஊதுவது பழக்கமாகிவிட்டது. அது தூசியைக் காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளும், காகிதத்தைக் கிழித்தும் விடும். அழுக்கேறினால் மாற்றிவிடுங்கள், விலை சில நூறு ரூபாய்தான். ஃபில்டர் பெட்டியின் கிளிப், ஹோஸின் க்ளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நல்ல ஃபில்டர் இருந்தும் க்ளாம்ப் தளர்ந்திருந்தால் அந்தச் சந்து வழியாகத்தான் தூசி போகும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு கவலை உண்டு. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர், தோல் பதனிடும் கழிவால் கெட்டுப் போன கதை நாடறிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கழிவு எட்டாத இடத்திலும் நம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். குளியலறைக் குழாயில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அதே படிவம் டர்போவைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்பாதையிலும் படியும். கூலண்ட் குறைந்தால் கையேடு சொல்லும் கூலண்டையே ஊற்றுங்கள். வழியில் அவசரம் என்றால் பாட்டில் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம், ஆனால் வந்ததும் ஏன் குறைந்தது என்று பார்த்தாக வேண்டும்.

டர்போ கெடப் போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வரும் மெல்லிய விசில் இயல்பானது. அது நாளுக்கு நாள் கூடினால், சைரன் மாதிரி ஏறினால், உடனே காட்ட வேண்டும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. டீசலில் கறுப்புப்புகையும் பிக்கப் குறைவும் சேர்ந்து வந்தால், அநேகமாக ஹோஸ் எங்கேயோ கிழிந்து அழுத்திய காற்று வெளியே ஓடுகிறது. டர்போவையே மாற்றச் சொல்வதற்கு முன் அந்த ஹோஸைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்துக்குப் போவது இங்கேதான்.

அபூர்வமாக ஒன்று நடக்கும், தெரிந்திருக்க வேண்டும். டீசல் வண்டியில் டர்போ சீல் முழுதாக உடைந்தால், இன்ஜின் தன் ஆயிலையே காற்றோடு உறிஞ்சி எரித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் உறுமிக்கொண்டே போகும். மேனுவல் கியர் வண்டி என்றால், வண்டியை நிறுத்தி, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, டாப் கியரில் போட்டு, க்ளட்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை அடக்க வேண்டும். முன்னால் ஆளோ சுவரோ இருந்தால் இதைச் செய்யாதீர்கள். எல்லாரையும் இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள்.

கடைசியாக, செகண்ட்ஸில் டர்போ வண்டி வாங்குகிறவர்களுக்கு. விற்பவர் வீட்டுக்குக் காலையிலேயே போங்கள், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிப்ஸ்டிக்கை இழுத்து, ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பது பரவாயில்லை, நறநறப்பு இருக்கக் கூடாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் கசடு அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் புகைக்குழாய்ப் பக்கம் ஒருவரை நிற்க வையுங்கள். பைபாஸில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, ஐட்லிங்கில் ஒரு நிமிடம் விட்டு, மறுபடி மிதித்துப் பாருங்கள். அப்போது நீலப்புகை குப்பென்று வந்தால் டர்போ சீலோ வால்வு சீலோ போயிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள், தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லை என்று சொன்னால், பேசிய விலையில் ஒரு டர்போ விலையைக் கழித்துவிட்டு அங்கிருந்து பேரத்தை ஆரம்பியுங்கள்.